எருமை முதுகில் ஒரு கோடு

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று கவலையாக இருக்கிறது, பிள்ளைகளே. எருமையின் முன்பாதி யாருக்கு, பின்பாதி யாருக்கு என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால் எல்லாம் குட்டிச்சுவராகிவிடும். முன்பாதி மைனாவுக்கு, பின்பாதி கொக்குக்கு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு காட்டின் ஓரத்தில் ஓர் ஏரி இருந்தது. மாசி வரைக்கும் இருந்தது. பங்குனி வெயிலில் அது வற்றி, வெடித்து, உடைந்த அப்பளம் போலக் கிடந்தது.

அந்த ஏரிக்கரையில் குருவம்மாள் என்றொரு மைனாவும், வெள்ளைத்தாய் என்றொரு கொக்கும் இருந்தார்கள். உயிர்த் தோழிகள். ஒருத்திக்கு வெட்டுக்கிளி கிடைத்தால் மற்றவளுக்கு அதில் ஒரு தொடையாவது கிடைக்கும்.

குருவம்மாளுக்கு எதற்கெடுத்தாலும் கவலை. இலை விழுந்தால் மரமே விழுகிறதோ என்பாள். வெள்ளைத்தாய்க்குக் கவலை கிடையாது. அவளிடம் இருந்ததெல்லாம் வெள்ளை உடுப்பும், அந்த உடுப்பைப் பற்றிய பெருமையும்தான்.

ஏரி வற்றியதும் தவளை போயிற்று, வெட்டுக்கிளி போயிற்று. தரையைக் கொத்தினால் அலகுதான் வலித்தது.

"ஏட்டி வெள்ளைத்தாயி, ஆனிச் சாரல் விழ இன்னும் மூணு மாசம் கிடக்கு. அதுவரைக்கும் எதைத் திங்கிறது? எனக்கு இப்பவே நெஞ்சு அடைக்குது" என்றாள் குருவம்மாள்.

"வேலைக்குப் போவோம்."

"யாருகிட்ட?"

வெள்ளைத்தாய் தன் நீளக் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். வேலமரத்தடியில் ஒரு காட்டெருமை, முதுகை மரத்தில் தேய்த்துத் தேய்த்து மரத்தின் பட்டையையே உரித்துக்கொண்டிருந்தது. அதன் உடம்பெல்லாம் உண்ணி.

இருவரும் பறந்து போய் அதன் முன்னால் இறங்கினார்கள்.

"அண்ணாச்சி, எங்களுக்கு ஏதாவது வேலை இருக்குமா?" என்று கேட்டாள் வெள்ளைத்தாய்.

"வேலை முழுக்க முதுகுலதான் இருக்கு. ஏறிக்கோங்க" என்றது எருமை. பிறகு, மெல்ல மென்றுகொண்டே நிபந்தனைகளைச் சொல்லிற்று. "பிடிக்கிற உண்ணியெல்லாம் உங்களுக்கு. கண்ணுகிட்ட வரக்கூடாது. நான் தூங்கும்போது பாடக்கூடாது. சாரல் விழுந்ததும் நான் சேத்துல போய்ப் படுத்துக்கிடுவேன். அதுக்கப்புறம் நீங்க உங்க வழி."

"சரிங்க அண்ணாச்சி."

"அதுக்கு முன்னாடி அரிப்பு தாங்காம போச்சுன்னா, மலைக்கு அந்தப் பக்கம் வத்தாத சேறு ஒண்ணு இருக்கு. ஒரே நடையா அங்க போயிருவேன்."

குருவம்மாள் ஓர் அடி முன்னால் தத்தி வந்தாள். "அங்க நாங்களும் வரலாமா அண்ணாச்சி?"

"அங்க ஏற்கெனவே அண்டங்காக்கா முப்பது பேர் வேலையில இருக்காங்க. உங்களை வச்சு விருந்து வச்சிருவாங்க."

அன்று முதல் குருவம்மாளுக்கு ஒரே நினைப்புத்தான். எருமை மலைப்பக்கம் திரும்பக் கூடாது. திரும்பினால் பட்டினி. பட்டினி என்றால், சாரல் விழும்போது நனைவதற்கு அவள் இருக்கமாட்டாள்.

முதல் பத்து நாள் வேலை அருமையாக நடந்தது. குருவம்மாளின் அலகு குட்டை. ஆனால் அடர்ந்த மயிரை விலக்கி விலக்கிப் பார்ப்பதில் கெட்டிக்காரி. வெள்ளைத்தாயின் அலகு நீளம். எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும், ஒரே குத்து. இவள் விலக்குவாள், அவள் குத்துவாள். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. உச்சி வெயிலில் எருமையின் வயிற்றுக்கடியில் நிழலில் ஒட்டி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள்.

பதினோராவது நாள் எருமை ஒரு வார்த்தை சொன்னது. நல்லெண்ணத்தில்தான் சொன்னது.

"அந்த நெட்டை மூக்கு படுற இடமெல்லாம் சொர்க்கமா இருக்கு."

வெள்ளைத்தாய் உடுப்பை ஒருமுறை உதறி நீவிக்கொண்டாள். குருவம்மாளுக்கு அது போதும்.

'நான் விலக்கிக் காட்டாமல் அந்த நெட்டை மூக்கு எதைக் குத்துமாம்?' என்று அவள் மனதுக்குள் முனகினாள். மனதுக்குள் என்றுதான் அவள் நினைத்தாள். உண்மையில் அது எருமையின் காதுவரை கேட்டது.

மறுநாள் குருவம்மாள் ஒரு வேலை செய்தாள். மயிரை விலக்கிப் பார்த்தாள். கொழுத்த உண்ணி ஒன்று இருந்தது. "இங்க ஒண்ணுமில்லை, அந்தப் பக்கம் பாரு" என்றாள். வெள்ளைத்தாய் திரும்பியதும் டபக்கென்று விழுங்கினாள்.

வெள்ளைத்தாய் திரும்பிப் பார்த்தாள். "வாயில என்னது?"

"எச்சில்."

"எச்சிலுக்கு எட்டுக் கால் இருக்குமா?" குருவம்மாளின் அலகோரத்தில் இரண்டு கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு வெள்ளைத்தாய் குத்துகிற குத்து குருவம்மாளின் கால் விரலுக்குப் பக்கத்திலேயே விழ ஆரம்பித்தது. "அய்யோ, கண்ணு தெரியலை" என்பாள். கொக்குக்கா கண் தெரியாது?

பதிலுக்குக் குருவம்மாள் வேலை நேரமெல்லாம் ஓயாமல் பேசினாள். வெள்ளைத்தாய்க்குக் குறி தவறியது.

"கொஞ்சம் வாயை மூடிட்டு வேலை பாக்கக்கூடாதா?"

"என் வாய், நான் பேசுறேன். உன் மூக்கு, நீ குத்து."

உச்சிவேளையில் ஒருத்தி எருமையின் தலை நிழலில் உட்கார்ந்தாள், மற்றவள் வால் நிழலில் உட்கார்ந்தாள். சாயங்காலம் ஒரே மரத்தில் வெவ்வேறு கிளையில் அடைந்தார்கள். அப்புறம் வெவ்வேறு மரம். இன்ன நாளில் சண்டை போட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு காலையில் வெள்ளைத்தாய், "இதுக்குப் பாகம் பிரிச்சுக்கிடலாம்" என்றாள்.

"பிரிச்சுக்கிடலாம்" என்றாள் குருவம்மாள். அவள் 'வேண்டாம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பெருமை முந்திக்கொண்டது.

எருமையின் நடு முதுகில், இந்த விலாவிலிருந்து அந்த விலா வரைக்கும், வெள்ளைத்தாய் ஒரு வெள்ளைக் கோடு போட்டாள். கொக்கிடம் ஏது சுண்ணாம்பு என்று கேட்காதீர்கள். சுண்ணாம்பு கிடையாது. தன்னிடம் இருந்ததை வைத்து, பின்பக்கமாகவே நடந்து நடந்து போட்டாள். எருமைக்குத் தன் முதுகு தெரியாது என்பதால் தைரியமாகவே போட்டாள்.

"எந்தப் பாதி வேணும்?"

காது மடலில் இருக்கும் உண்ணி மெத்தென்று இருக்கும். அதை நினைத்து, கேள்வி முடியும் முன்னே, "முன்பாதி" என்றாள் குருவம்மாள்.

அப்படியாகப் பின்பாதி வெள்ளைத்தாய்க்கு வந்தது, வாலோடு சேர்த்து. எருமை வாலைச் சும்மா வைத்திருக்குமா? நிமிஷத்துக்கு நாலு தடவை அது சாணியோடு வந்து வெள்ளை உடுப்பில் விழுந்தது. முன்பாதியிலோ காது படபடவென்று அடித்தது, கொம்பு இடித்தது. இவளுக்கு அவள் பாதி சுகமாகத் தெரிந்தது. அவளுக்கு இவள் பாதி சுகமாகத் தெரிந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஓர் ஆள் இருந்தான். மொச்சையன் என்ற உண்ணி. மொச்சைக்கொட்டை பருமன் இருப்பான். குத்துப் படாமல் அத்தனை நாள் தப்பித்தவன் என்றால் மூளை எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மொச்சையன் மற்ற உண்ணிகளைக் கூட்டி, "நமக்கு மனை போட்டுக் கொடுத்திருக்காங்கடே. எல்லாரும் கோட்டுக்கு வாங்க" என்றான்.

"கோட்டுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்லை. அதுதான் விசேஷம்."

அடுத்த நாள் குருவம்மாள் மயிரை விலக்கிக்கொண்டே கோட்டருகே வந்தாள். அங்கே மொச்சையன் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தான். நாலு கால் இந்தப் பக்கம், நாலு கால் அந்தப் பக்கம்.

குருவம்மாள் அலகைத் திறந்தாள்.

"வாங்க அக்கா. கொத்துறதுன்னா தாராளமா கொத்துங்க. ஆனா என் பாதி உடம்பு அந்த அக்காவுக்குச் சொந்தம். நாளைக்கு அவங்க வந்து, என் எல்லைக்குள்ள எப்படி மூக்கை நீட்டுனேன்னு கேட்டா, நீங்கதான் பதில் சொல்லணும்."

குருவம்மாள் திறந்த அலகை மூடிக்கொண்டாள். சண்டை வந்தால்? கத்தினால்? எருமை எரிச்சலாகி மலைப்பக்கம் திரும்பினால்?

"நீங்க ரெண்டு பேரும் கலந்து பேசி, யாரு என்னைத் தின்கிறதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க. நான் எங்கயும் போகமாட்டேன்" என்றான் மொச்சையன்.

அந்த இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

வெள்ளைத்தாய் வந்தபோதும் அதே மரியாதை, அதே பேச்சு. அவளும் அலகைத் தூக்கிக்கொண்டு போனாள். பயத்தினால் இல்லை. அந்த மைனாவிடம் போய் அனுமதி கேட்பதா என்கிற வீம்பினால்.

ஒரு வாரத்தில் கோடு முழுக்க உண்ணி. வரிசையாக, பாசிமணி கோத்த மாதிரி. கோட்டுக்கு முன்னாலும் பின்னாலும் அநேகமாக ஒன்றுமில்லை. ஆழத்தில் பதிந்து கிடந்த சிலவற்றையும் குருவம்மாளால் பார்க்க முடிந்தது, பிடுங்க முடியவில்லை. வெள்ளைத்தாயால் பிடுங்க முடிந்தது, பார்க்க முடியவில்லை. இருவருக்கும் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. எருமைக்கோ நடு முதுகில் நெருப்பு வைத்த மாதிரி அரித்தது.

போதாததற்கு மொச்சையன் தூது போகவும் ஆரம்பித்தான்.

"நீங்க எதுக்கு அக்கா அவங்க மூஞ்சியில முழிக்கணும்? சொல்ல வேண்டியதை எங்கிட்ட சொல்லுங்க. நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

குருவம்மாள் தயங்கி, "அரிப்பு அதிகமாகுது, அண்ணாச்சி மலைக்குப் போயிருவாரோன்னு பயமா இருக்குன்னு சொல்லு" என்றாள்.

மொச்சையன் கோட்டை விட்டு இறங்காமலேயே அந்தப் பக்கம் திரும்பி வெள்ளைத்தாயிடம், "உங்களை 'வாலுக்கு வாக்கப்பட்டவ'ன்னு சொல்லச் சொன்னாங்க" என்றான்.

பிறகு இந்தப் பக்கம் திரும்பிக் குருவம்மாளிடம், "உங்க பேச்சு ஓட்டைத் தகரத்துல கல்லு உருட்டுன மாதிரி இருக்காம்" என்றான்.

குருவம்மாள் அன்றைக்கு முழுவதும் பேசவேயில்லை. காடே அவளைத் திரும்பிப் பார்த்தது.

சித்திரை பிறந்தது. ஒரு நாள் காலையில் எருமை எழுந்து நின்றது. "என்னால முடியலை. வேலைக்கு ஆள் வைக்கிறதுக்கு முன்னாடி இருந்ததை விட இப்ப மோசமா அரிக்குது. நான் கிளம்புறேன்" என்றது.

"அண்ணாச்சி, இன்னும் ஒரு நாள்" என்றாள் குருவம்மாள்.

"உனக்கு அரிச்சா தெரியும்" என்று சொல்லி எருமை மலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

குருவம்மாள் அதன் கொம்புகளுக்கு நடுவில் நின்றாள். ஒவ்வோர் அடிக்கும் மலை கொஞ்சம் பெரிதாயிற்று. மலைக்கு மேலே கறுப்பாகப் புள்ளிகள் வட்டமிட்டன. முப்பது இருக்குமா என்று எண்ணப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு மேல் எண்ணப் பயமாக இருந்தது.

அவள் திரும்பிக் கழுத்து வழியே ஓடி, திமில் ஏறி இறங்கி, கோட்டின் ஓரத்தில் வந்து நின்றாள். அந்தப் பக்கம் வெள்ளைத்தாய், சாணி தெறித்த உடுப்போடு, எங்கோ பார்ப்பது போல நின்றாள்.

"வெள்ளைத்தாயி" என்றாள் குருவம்மாள்.

மொச்சையன் குறுக்கே வந்தான். "எதுக்கு அக்கா சிரமம்? நான் சொல்றேனே."

குருவம்மாள் அவனைப் பார்க்கவில்லை. "வெள்ளைத்தாயி, முன்பாதியையும் நீயே எடுத்துக்கோ. காது, கழுத்து, திமில், எல்லாம் உனக்குத்தான்."

வெள்ளைத்தாயின் கழுத்து மெல்லத் திரும்பியது. "எதுக்கு? எனக்குப் பிச்சை போடுறியா?"

"இல்லட்டி. முழு எருமையும் உன்னுதுன்னு ஆயிட்டா, இந்தா உக்காந்திருக்கானே, இவனோட எட்டுக் காலும் உன் பக்கம்தான."

வெள்ளைத்தாய் குனிந்து பார்த்தாள். மொச்சையனும் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டான். நாலு கால்களை அவசரமாக இங்கே இழுத்தான், பிறகு அங்கே இழுத்தான். எங்கே வைத்தாலும் வெள்ளைத்தாயின் எருமை.

"அக்கா, அவசரப்படாதீங்க. இதுல ஒரு சூது இருக்கு. கொஞ்சம் உக்காந்து பேசி..."

ஒரே குத்து.

மற்ற உண்ணிகள் சிதறி முன்பக்கம் ஓடி மயிருக்குள் புகுந்தன. குருவம்மாள் பின்னாலேயே ஓடி மயிரை விலக்கினாள். ஓர் இளம் உண்ணி, "நீங்க எங்களைத் தொடக்கூடாது. இது இப்ப அவங்க இடம்" என்று சட்டம் பேசியது.

"அவ இடம்தான். நான் அவகிட்ட கூலிக்கு இருக்கேன்" என்றாள் குருவம்மாள். சொல்லிவிட்டு, "இந்தா, இங்க" என்று கூப்பிட்டாள். நீள மூக்கு வந்து இறங்கியது. "இந்தா, இங்க." குத்து. "இங்க ரெண்டு." குத்து, குத்து.

வெள்ளைத்தாய் ஒன்றை விழுங்கிவிட்டு, மற்றொன்றைக் குருவம்மாளின் முன்னால் போட்டாள். "என்னை வாலுக்கு வாக்கப்பட்டவன்னு சொன்னியாமே?"

"அய்யோ, நான் சொல்லலை. நீதான் என் பேச்சை ஓட்டைத் தகரத்துல கல்லு உருட்டுற மாதிரின்னு சொல்லி அனுப்புனியாம்."

வெள்ளைத்தாய் சற்று யோசித்தாள். "அது நான் சொன்னதுதான்."

குருவம்மாளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் வாயில் உண்ணி இருந்தது. இருபது நாள் பசி. அவள் விழுங்கினாள். விழுங்கி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

மலையடிவாரத்தில் எருமை ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. "என்னது, அரிப்பைக் காணோம்?" என்றது.

"நின்னுருச்சா அண்ணாச்சி?"

"நின்ன மாதிரிதான் இருக்கு." எருமை தூக்கிய காலைக் கீழே வைத்தது. மலையில் வைக்கவில்லை, திரும்பி வைத்தது. "இவ்வளவு நாளா இந்த வேலையைச் செய்யுறதுக்கு என்ன?"

வெள்ளைத்தாய் மெதுவாகச் சொன்னாள். "குருவம்மா, எனக்கு முழு எருமை வேண்டாம். கொம்புகிட்ட என் கழுத்து மாட்டிக்கிடும். உன் பாதியை நீயே வச்சுக்கோ."

"எனக்கும் வேண்டாம்."

"பின்ன இது யாருது?"

"என்னுது" என்றது எருமை. "என் முதுகை எனக்குத் தெரியாம பாகம் பிரிச்சீங்களா?"

இருவரும் உண்ணி தேடுவது போலக் குனிந்துகொண்டார்கள்.

"நடு முதுகுல ஏதோ காஞ்சு போய் இழுக்குதே. அது என்னது?"

வெள்ளைத்தாய் குருவம்மாளைப் பார்த்தாள். குருவம்மாள் வானத்தைப் பார்த்தாள். "மேல ஒரு கொக்குக் கூட்டம் போச்சு அண்ணாச்சி. எந்த வீட்டுக் கொக்கோ, வளர்ப்புச் சரியில்லை."

வெள்ளைத்தாய் சிறகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது.

அன்றைக்குச் சாயங்காலம் இருவரும் ஒரே மரத்தில் அடைந்தார்கள். பழையபடி ஆகிவிட்டார்களா என்றால், இல்லை. ஒருத்தி கொஞ்சம் பார்த்துப் பேசினாள், மற்றவள் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னாள். நடுவில் ஒரு சாண் இடம் இன்னும் இருந்தது. குருவம்மாள் அந்த ஒரு சாணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு எருமை மறுபடியும் யாரையாவது புகழ்ந்தால்? தனக்கு மறுபடியும் வயிறு எரிந்தால்? சாரலுக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கிறதே?

ஆகவே மறுநாள் விடிந்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். எப்போதும் வேலையைக் காது மடலில் ஆரம்பிப்பவள், அன்றைக்குக் காதுப் பக்கமே போகவில்லை. நேராகப் பறந்து நடு முதுகில் இறங்கினாள். தன் நெஞ்சு இறகாலேயே அந்தக் கோட்டைத் தேய்த்தாள். அருவருப்பாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கறுப்புத் தெரியும்வரை தேய்த்தாள்.

"என்னடி பண்ணுற?" என்று கேட்டுக்கொண்டே வெள்ளைத்தாய் வந்து இறங்கினாள்.

"இனிமே தினமும் இங்க இருந்து ஆரம்பிப்போம். ரெண்டு பேரும் சேந்து. அப்புறம் எந்தப் பக்கம் வேணும்னாலும் போய்க்கிடலாம்" என்றாள் குருவம்மாள்.

நீதி: இரண்டு நண்பர்கள் நடுவே கோடு போட்டுக்கொண்டால், அந்தக் கோட்டின் மேல் மூன்றாவது ஆள் வீடு கட்டிக்கொள்வான்.